படம் பார்த்தால் விசுவாசம் வளருமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, வேதபாடத்தோடு ஓவியம், இசை, சினிமா என்று ஏதாவது ஒன்றைப் பார்க்கத் தொடங்கினோம். முதல் மாதம் இயேசுவைப் பற்றிய ஒரு முழுப்படம் போட்டோம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இரண்டாம் மாதம் சிலுவைக் காட்சி ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டினோம். "தேவனுடைய அன்பைக் காட்டுகிறது" என்று ஒருவர் ஐந்தாம் நிமிடத்தில் சொல்லிவிட, அதற்குமேல் யாருக்கும் பேச ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் மூப்பர் ஒருவர், "படம் பார்த்துத்தான் விசுவாசம் வளரணுமா? விக்கிரக வணக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். நாத்திகர் எடுத்த படத்தைக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். இதை எப்படித்தான் நடத்துவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் மாதத் தூக்கத்தை விடுங்கள். இரண்டாம் மாதத்து ஐந்து நிமிடம்தான் கவனிக்க வேண்டியது. அந்த நண்பர் சொன்னது உண்மை. ஆனால் ஓவியத்தைப் பார்க்காமலேயே அதைச் சொல்லியிருக்கலாம். தெரிந்த உபதேசத்துக்குப் பொருத்தமாக ஒரு படத்தைத் தேடி ஒட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்காதீர்கள். முதல் அரைமணி "என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது" என்பது மட்டும். அதன் பிறகு, "இது என்னை எங்கே நிற்கவைக்கிறது?"

இசையிலிருந்து தொடங்குவது நல்லது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளின் கதைக்கு இசையமைத்த 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பை முழுவதும் கேட்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு வேண்டியது இரண்டு நிமிடம். கடைசி இராப்போஜனத்தில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள் "ஆண்டவரே, நானோ, நானோ" என்று கேட்கிற இடம், மத்தேயு 26:22. பாடகர் குழு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு பாடும். அதில் "ஹெர்" என்ற ஜெர்மன் சொல்லை, அதாவது "ஆண்டவரே" என்பதை, விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். 11 முறை வரும். சீஷர்கள் 12 பேர்.

வேதத்தில் அடுத்த வசனம் இயேசுவின் பதில். பாக் அங்கே கதையை நிறுத்திவிட்டு, அந்தக் காலத்துச் சபையார் நன்றாக அறிந்த மெட்டில் ஒரு ஞானப்பாட்டைக் கொண்டுவருகிறார். அதன் முதல் சொல்லே "நான்தான்" என்பது. இயேசு வாய் திறப்பதற்குள் கேட்டுக்கொண்டிருக்கிறவன் பதில் சொல்லிவிடுகிறான். யூதாஸ் பேசுவது அதற்குப் பிறகுதான். அவன் வாயில் "ஆண்டவரே" வருவதில்லை, "ரபீ, நானோ" என்கிறான், 26:25. பாடுகளின் கதையைச் சொல்லிப் பழியை யூத மக்கள்மேல் போட்ட கெட்ட வழக்கம் கிறிஸ்தவ வரலாற்றில் நீண்டது. இந்தப் பாட்டு அந்தப் பழியைத் திருப்பிப் பாடுகிறவன் தலையிலேயே வைக்கிறது.

இதே படைப்பில் இன்னொன்று. இயேசு பேசும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் நீண்ட சுரங்களாக அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும். சிலுவையில் "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி", என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர், என்கிற இடத்தில் மட்டும் அவை இல்லை. இதை நேராக அந்த இடத்திலிருந்து போட்டால் யாருக்கும் எதுவும் பிடிபடாது. இராப்போஜனத்தில் இயேசு பேசும் பகுதியை முதலில் இரண்டு முறை கேட்கவிட்டு, பிறகு சிலுவைக்கு வாருங்கள். இருந்தது பழகினால்தான் இல்லாதது காதில் விழும். கைபேசியின் ஒலிபெருக்கி உதவாது. அதில் அடித்தந்திகளின் ஒலி ஏற்கெனவே பாதி காணாமல் போயிருக்கும். நல்ல ஸ்பீக்கர் வேண்டும், எல்லார் கையிலும் தமிழ் வசனம் அச்சிட்ட ஒரு தாள் வேண்டும்.

ஓவியத்துக்கு, ஜெர்மன் ஓவியர் கிரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈசன்ஹைம் பீடத்தின், அதாவது கதவுகளுள்ள பீட ஓவியத்தின், சிலுவைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பிரான்ஸின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரொஜெக்டரில் காட்ட வேண்டாம். அதன் பின்னணி ஏறக்குறைய கறுப்பு. விளக்கெரிகிற அறையில் அது சாம்பலாக வெளுத்துவிடும். ஏ3 அளவில் அச்செடுத்து மூன்று பேருக்கு ஒன்று கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் ஓரங்களை வெட்டியிருப்பார்கள். வலப்பக்கம் யோவான் ஸ்நானன் இருக்கிறானா என்று பார்த்து எடுங்கள்.

பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். "துயரம்" என்று சொன்னால் செல்லாது. "விரல்கள் விறைத்து விரிந்திருக்கின்றன" என்று சொன்னால் செல்லும். உடம்பெங்கும் புண்கள் என்று யாராவது சொல்வார்கள். அப்போது மட்டும் நீங்கள் வாய் திறக்கலாம். இது அந்தோனியார் சபைத் துறவிகளின் மடத்துக்காக வரைந்தது. பூஞ்சை பிடித்த ரை தானியத்தால் தோல் எரிந்து கைகால் அழுகும் நோயாளிகளை அவர்கள் அங்கே பராமரித்தார்கள். அந்த நோயாளி இந்தப் பீடத்துக்கு முன்னால் வந்தால், சிலுவையில் பார்ப்பது தன் தோலை. இந்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் புண்களைப் பார்க்கமாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.

வேதம் நன்றாகப் படித்த ஒருவர் நிச்சயம் கேட்பார்: சிலுவை மரணத்துக்கு முன்பே யோவான் சிரச்சேதம் ஆகிவிட்டானே, இங்கே எப்படி வந்தான்? ஓவியன் தவறிவிடவில்லை. நீண்ட விரலால் இயேசுவைச் சுட்டி நிற்கிற அவன் பக்கத்தில் லத்தீனில் எழுதியிருப்பது யோவான் 3:30, "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." இறையியலாளர் கார்ல் பார்த் இதன் பிரதி ஒன்றைத் தன் மேசைக்கு மேல் மாட்டி வைத்திருந்தார். கதவுகளைத் திறந்தால் வரும் உயிர்த்தெழுதல் காட்சியையும் அச்செடுத்து அருகில் வையுங்கள். தோலின் புண்கள் மறைந்துவிட்டன, ஆணிக்காயங்கள் மறையவில்லை. யோவான் 20இல் தோமா வருகிற பகுதியை அதன் பிறகு வாசிக்கலாம்.

சினிமாவில் முழுப்படம் காட்டுகிற ஆசையை விடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். நாத்திகர் கேள்விக்கும் சேர்த்து, இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்தைச் சொல்வேன். அவர் மார்க்சியர், நாத்திகர்; படத்தைப் போப் 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வசனங்களை மத்தேயுவிலிருந்தே எடுத்தார், தொழில்முறை நடிகர்களைத் தேடவில்லை. விசாரணைக் காட்சியைப் பாருங்கள். கேமரா இயேசுவுக்கு அருகில் போவதில்லை. கூட்டத்துக்குள் நின்று, ஆட்களின் தலைகளுக்குப் பின்னாலிருந்து, ஆடிக்கொண்டே எட்டிப்பார்க்கிறது. ஒன்றும் செய்யாமல் தூரத்தில் நின்றவர்களோடு நாமும் நிற்கிறோம். நாத்திகர் எடுத்ததைக் காட்டலாமா என்றால், ஆலயம் கட்டச் சாலொமோன் அந்நியரான சீதோனியரைத்தான் மரம் வெட்ட அழைத்தான், அவர்களைப்போல வெட்டத் தெரிந்தவர்கள் இஸ்ரவேலில் இல்லை என்று சொல்லி. கேட்கிறவர்களுக்கு 1 இராஜாக்கள் 5:6 போதும். நிறமேற்றிச் சுருக்கிய பிரதி ஒன்றும் உலவுகிறது. கறுப்புவெள்ளைப் பிரதியையே எடுங்கள். பொதுவில் திரையிட அனுமதி வேண்டும், வீட்டில் பார்க்க வாங்கிய வட்டும் சந்தாவும் அதற்குச் செல்லாது.

மூப்பரைப் பழமைவாதி என்று தள்ளிவிடாதீர்கள். 1524இல் சூரிச் ஆலயங்களிலிருந்து படங்களை அகற்றியவர்களுக்கும் இந்தப் பயம்தான். 1522இல் விட்டன்பர்க்கில் படங்களை அடித்து நொறுக்கியதைச் சீர்திருத்தவாதி லூதர் கண்டித்தார். அதற்கெல்லாம் முன்பே, 787இல், நிசேயாவில் கூடிய சங்கம் படத்துக்குத் தரும் மரியாதை வேறு, தேவனுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு என்று பிரித்துச் சொன்னது. உங்கள் நடைமுறை எளிது: ஆராதனை நடக்கும் இடத்தில் வேண்டாம், படத்தை நோக்கி ஜெபிக்க வேண்டாம், முடிந்ததும் தாள்களைச் சுருட்டிவிடுங்கள். எனக்குப் படத்தைவிட இசையிடம்தான் பயம் அதிகம். மயிர்க்கூச்செறிந்தால் ஆவியானவர் வந்துவிட்டார் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. பாடப்படுகிற பொருளைவிடப் பாட்டே தன்னை அசைத்தால் அது பாவம் என்று பழைய காலத்துச் சபைப்பிதா அகஸ்டின் அறிக்கையிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த மூப்பரையே அழைத்து மத்தேயு 26ஐ 20ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். 22ஆம் வசனம் முடிந்ததும் அவர் நிறுத்தட்டும். உடனே பாட்டை ஓடவிடுங்கள்.