நேட்டால் கப்பல் பட்டியலில் முனுசாமி கிடைக்காதபோது

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் கப்பல் பட்டியலில், ‘முனுசாமி’ என்று முழுப் பெயரைத் தட்டச்சு செய்தோ, இடையில் கேள்விக்குறி போட்டோ தேடினால் உங்கள் பூட்டனார் அகப்படமாட்டார். மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து, இடையில் நட்சத்திரக் குறி போடுங்கள்: எம்*என்*எஸ்*எம்* (ஆங்கில எழுத்துகளில்). மூன்சாமி, முனிசாமி, மூனசாமி எல்லாம் இதில் விழும்.

நீங்கள் போட்ட கேள்விக்குறி சரியாக ஓர் எழுத்துக்கு மட்டுமே இடம் தரும். பட்டியலை எழுதியவர் ‘மூ’வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டிருந்தால் அதோடு போச்சு. நட்சத்திரமோ எத்தனை எழுத்தானாலும் ஏற்கும், எழுத்தே இல்லாவிட்டாலும் ஏற்கும். 1860 முதல் 1911 வரை பதிந்த எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதியவர்கள், அதனால்தான் இத்தனை வடிவங்கள்.

அப்படியும் வராவிட்டால் அதே வடிவத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயரைக் காலியாக விடுங்கள். அடுத்த தலைமுறையில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்ட வீடுகள் நேட்டாலில் ஏராளம்.

மாணிக்கசாமியும் இந்த வலையில் சிக்குவார். பெயரை மட்டும் நம்பாதீர்கள். தகப்பன் பெயர், வயது, ஊர் மூன்றையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் முதலில் காலனி எண்ணை, அதாவது பட்டியலில் அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த எண் மாறாது.

ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி தேடும் தளத்தில் இப்படிக் குறி போட்டுத் தேடக் குறைந்தது மூன்று நிஜ எழுத்துகள் வேண்டும். முதல் எழுத்து, கடைசி எழுத்து இரண்டில் ஒன்றாவது நிஜ எழுத்தாக இருக்க வேண்டும்.