குவீன் ஸ்திரீட்டும் சுற்றுப்பயணிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குச் சுற்றுலாவால் விளையும் நன்மைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பிறந்து வளர்ந்த குவீன் ஸ்திரீட்டில் இன்று எங்கள் சொந்தங்களில் ஒருவர்கூட இல்லை; கடைவீடுகள் விடுதிகளாகிவிட்டன. வாடகையை ஏற்றி எங்களை வெளியேற்றியதைத் தவிர சுற்றுலா எங்களுக்குத் தந்தது என்ன?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் அதைச் சுற்றுப்பயணிகளின் கணக்கில் எழுதுவதற்கு முன் ஆண்டுகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளின் வாடகையை அடக்கி வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2000 பிறந்தபோதே உள்வீதிகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் புதிய வாடகையைக் கட்ட இயலாமல் புறநகர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதோ 2008 ஜூலையில். பின்னர் முளைத்த விடுதிகள் எஞ்சிய வீடுகளில் சிலவற்றையும் விழுங்கின என்பதை நான் மறுக்கவில்லை.

சென்ற மாதம் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலருகே பூ விற்கும் அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளிதோறும் சரம் வாங்கிய குடும்பங்கள் இப்போது தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும்தான் வருகின்றன என்றார். அந்நேரம் அங்கே வந்த வெளிநாட்டுப் பெண்ணொருத்தி சைகையால் கேட்க, அவர் கொண்டை ஊசியால் மல்லிகையை அவள் கூந்தலில் செருகிவிட்டு ஐந்து வெள்ளியை (ரிங்கிட்டை) வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த ஐந்து வெள்ளியில் வீட்டிலிருந்து பூக்கட்டித் தரும் பெண்ணுக்கும் பங்குண்டு. பெரிய ஹோட்டலில் செலவாகும் பணம் இப்படித் தெருவில் கைமாறுவது அரிது.

நீங்கள் படித்த அந்த எழுத்தில் சமூகப் பயன் என்று நான் குறிப்பிட்டது இன்னொன்று. வழிகாட்டியாகப் பணிபுரியும் நம் இளைஞர், 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும் பற்றி அயலாருக்குச் சொல்வதற்காகவேனும் தம் முன்னோர் வரலாற்றைப் படிக்கிறார்கள். வீட்டில் நாம் சொன்னபோது அவர்கள் கேட்டதில்லை!

பினாங்கில் விடுதி அறைகளுக்கு ஓர் இரவுக்கு 2, 3 ரிங்கிட் என 2014இல் ஊராட்சிக் கட்டணம் விதிக்கத் தொடங்கினார்கள். அப்படித் திரளும் தொகையில் ஒரு பகுதியை, உங்களைப் போன்றோர் உள்வீதிகளுக்குத் திரும்பிக் குடியிருக்க வாடகை உதவியாக ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அன்புடன்.