கனிமீட் அருகே எலெக்ட்ரான் அடர்த்தி ஏன் கூடுதலாக வருகிறது?

வணக்கம். வியாழனின் நிலவான கனிமீடைக் கலிலியோ விண்கலம் 1996 ஜூன் 27-இல் கடந்தபோது பதிவான அலை நிறமாலையில், 20 கிலோஹெர்ட்ஸ் கோட்டைப் பிளாஸ்மா அதிர்வெண்ணாக (எலெக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது) கொண்டு, 8.98-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி, கன சென்டிமீட்டருக்கு 5 எலெக்ட்ரான் என்று எடுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கோடு மேல் கலப்பு அதிர்வெண்ணாக (அடர்த்தியும் காந்தப்புலமும் சேர்ந்து தீர்மானிப்பது) இருந்தாலும் காந்தப்புலத்தின் பங்கைக் கழித்தாக வேண்டும். நீங்கள் தந்த காந்தப்புல அளவான 480 நானோடெஸ்லாவை 28-ஆல் பெருக்கினால் சைக்ளோட்ரான் அதிர்வெண் (எலெக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றும் வேகம்) 13,440 ஹெர்ட்ஸ், அதாவது 13.44 கிலோஹெர்ட்ஸ். 20-இன் வர்க்கத்திலிருந்து 13.44-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 14.8 கிலோஹெர்ட்ஸ். அடர்த்தி 2.7தான்.

எனக்கு அதைவிட உறுத்துவது, 20 என்பது 13.44-இன் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சைக்ளோட்ரான் அலைப்பட்டையும் அங்கேதான் விழும். காந்தமானித் தரவிலிருந்து ஒன்றரை மடங்கு வளைகோட்டை நிறமாலை மேலேயே வரைந்து பாருங்கள். உங்கள் கோடு அதை ஒட்டியே ஏறி இறங்கினால் அதை வைத்து அடர்த்தி கணக்கிட வேண்டாம்.