செயற்கை முழங்கால் மூட்டில் எந்த மாடல் நல்லது என்று நடையை அளந்து சொல்ல முடியுமா?

அம்மாவுக்கு இரண்டு மாடல் காட்டி, "இதைப் போட்டால் பழையபடி நடக்கலாம், லேபில் அளந்து பார்த்தது" என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபிஸ்ட். நடையை அளக்க முடியும்தான். என்ன செய்யச் சொல்லி அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இடுப்பிலும் காலிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து நடக்க விடுவார்கள். தரையில் பதித்த தகடு கால் எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பதியும். முட்டி எத்தனை டிகிரி மடங்கியது, அதன்மேல் எவ்வளவு சுமை விழுந்தது என்பதெல்லாம் இதிலிருந்து கணக்கிடுவதுதான்.

சமதரையில் நடக்கும்போது, பாதம் ஊன்றி எடை ஏறுகிற நேரத்தில் நல்ல முட்டி 15 முதல் 20 டிகிரிதான் மடங்கும். காலை வீசும்போது 60 வரை போகும், ஆனால் அப்போது அதன்மேல் உடம்பு எடை இல்லை. மாடல்களில் ஒரு வகை, முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் பின்பக்க நாரை, அதாவது லிகமென்ட்டை, விட்டுவைக்கும். இன்னொன்று அதை எடுத்துவிட்டு, செயற்கை மூட்டின் பிளாஸ்டிக் துண்டில் நிற்கும் ஒரு முளையிடம் அந்த வேலையைக் கொடுக்கும். பல மாடல்களில் முட்டி 60, 70 டிகிரி தாண்டி மடங்கினால்தான் அந்த முளைக்கே வேலை வரும். அப்படியிருக்க, வழவழப்பான லேப் தரையில் நடக்கவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்றால் என்ன சொல்வது?

இது பழைய சங்கதி. 1982-லேயே ஆண்ட்ரியாச்சி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் ஐந்து மூட்டு வடிவங்களை ஒப்பிட்டார்கள். சமதரையில் எந்த மூட்டு போட்டவருக்கும் நடை இயல்பாக இல்லை. எடுத்து வைக்கும் அடி சின்னது, ஊன்றும்போது முட்டி விறைப்பு. படி ஏறி இறங்கச் சொன்னபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. லிகமென்ட்டை விட்டுவைத்த வடிவங்கள் இயல்புக்குக் கிட்டத்தில் இருந்தன. அந்த மாடல்கள் இன்று இல்லை, அதனால் அந்த முடிவை வைத்து இப்போது மூட்டு வாங்க முடியாது. ஆனால் நம் ஊர் அம்மாக்களுக்கு டவுன் பஸ் படியும் மாந்தோப்பு வரப்பும்தான் நிஜமான பரீட்சை, லேப் தரை இல்லை.

வேகத்தையும் கவனியுங்கள். வேகமாக நடந்தாலே முட்டி அதிகம் மடங்கும். ஒருவர் மெதுவாகவும் மற்றவர் விறுவிறுவென்றும் நடந்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நடை எப்படி இருந்தது என்பதும் வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். சின்ன வயதிலேயே அதனால் கால் வளைந்தவரையும் அறுபது வயதில் மூட்டு தேய்ந்தவரையும் ஒரே கணக்கில் போட முடியாது.

"அதிகம் மடங்கும் மாடல்" என்று தனியாக விற்பதும் உண்டு. 2017-ல் மத்திய அரசு விலை வரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு 54,720 ரூபாய், அதற்கு 56,490. விலை வித்தியாசமே அவ்வளவுதான்! மடக்கம் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு இருந்தது, பிறகு பயிற்சி எப்படி என்பதைப் பொறுத்தது.

மாடலை, டாக்டர் அதிகம் போட்டுப் பழகியதற்கே விடுங்கள் என்பேன். இப்போதே அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதை செல்போனில் எடுத்து வையுங்கள். நாலு படி ஏறி இறங்குவதையும் எடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நாற்காலி, அதே படியில் மறுபடி எடுத்து, இரண்டையும் உங்கள் பிசியோவிடம் காட்டுங்கள்.