வுவுசெலா ஊதிய மேட்ச்சுக்குப் பிறகு காதில் 'கொய்ங்': டிவி காரணமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. போன சனிக்கிழமை தென்னாப்பிரிக்கா ஆடிய கால்பந்து மேட்ச்சை வீட்டு ஹாலில் நண்பர்களோடு டிவியில் பார்த்தோம். இரண்டு பேர் வுவுசெலா என்ற நீளமான ஊதுகுழலைக் கொண்டுவந்து, பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம் ஊதினார்கள். அன்று ராத்திரியிலிருந்து வலது காதில் 'கொய்ங்' என்ற சத்தம், காது அடைத்த மாதிரியும் இருக்கிறது. இன்று மூன்றாம் நாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 72 வயது. ஹாரன் சத்தம்தான் கேட்கிறது, வர்ணனை விளங்கவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார். டிவி சத்தத்தால் என் காது கெட்டதா? நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா? எட்டு வயது மகனும் அதே குழலை எடுத்து ஊதுகிறான், பரவாயில்லையா?

பதில்: எண்ணெய் வேண்டாம். பட்ஸும் வேண்டாம். செவிப்பறையில் சின்னக் கிழிசல் இருந்தால், உள்ளே போகும் எண்ணெய் நடுக்காதில் சீழ் வைக்கும்.

பெரிய சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாகி ரீங்காரம் கேட்பது வழக்கம்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். உங்களுக்கு மூன்று நாளாகியும் தணியவில்லை, அதுவும் ஒரே காதில். அதனால் நாளைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்பது இதில் ஆகாது.

அதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் முனகுங்கள். அந்த ஒலி எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? அடைத்திருக்கும் வலது காதிலேயே என்றால், குரும்பியோ (காது அழுக்கு) நடுக்காது அடைப்போ இருக்கலாம். அது அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. நன்றாக இருக்கும் இடது காதுப் பக்கம் ஒலி சாய்ந்தால் உள்காது நரம்பில் அடி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைசுற்றல், காதில் ரத்தம் அல்லது நீர், போனில் பேசினால் அந்தக் காதில் குரல் புரியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதேதான். இந்த முனகல் சோதனை ஆடியோகிராமுக்கு மாற்று இல்லை. எவ்வளவு அவசரம் என்று காட்டும், அவ்வளவுதான்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நரம்புப் பக்கம் கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் சில நாட்கள் ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. அதை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். பிறகு கொடுத்துப் பெரிய பயன் இருக்காது. சர்க்கரை இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டு தரலாம், அல்லது செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசியாகப் போடலாம்.

இனி, எது காரணம்? டிவி இல்லை. ஒலிபரப்பில் வரும் ஹாரன் சத்தம், நீங்கள் வைக்கும் வால்யூமுக்கு மேல் போக முடியாது. வீட்டு டிவியை நன்றாக ஏற்றி வைத்தாலும் சோபாவில் 80 டெசிபல் சுமார் வரும். இரண்டு மணி நேரத்துக்கு அது எரிச்சலூட்டுமே தவிர காதைக் கெடுக்காது. கெடுத்தது ஹாலுக்குள் ஊதிய குழல்.

வுவுசெலா சுமார் 65 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழல். 2010 உலகக் கோப்பையை ஒட்டித் தென்னாப்பிரிக்காவிலேயே அளந்து பார்த்தார்கள். குழலின் வாயருகே 131 டெசிபல், இரண்டு மீட்டர் தள்ளி 113. ஒப்பிட்டுப் பார்க்க, நடுவரின் விசில் பக்கத்தில் 120 சொச்சம். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கில் 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 113க்கு முக்கால் நிமிடம்கூட முழுதாக இல்லை. இரண்டு குழல் சேர்ந்து ஊதினால் இன்னொரு 3 டெசிபல் கூடும், இருபது விநாடி சொச்சத்தில் அன்றைய கோட்டா தீர்ந்துவிடும். மைதானத்தில் சத்தம் வானத்துக்குப் போய்விடும். உங்கள் ஹாலில் நாலு சுவரும் கூரையும் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊதியவரைவிட, குழலின் வாய்க்கு நேரே இருந்தவர் காதுக்குத்தான் அடி அதிகம். சனிக்கிழமை உங்கள் வலது பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் சத்தம் வேண்டாம் என்றுதான் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 செப்டம்பரிலேயே தன் போட்டிகளில் குழலைத் தடை செய்தது. 2014 உலகக் கோப்பையில் பிரேசில் மைதானங்களிலும் விடவில்லை.

'இயர் பிளக் போட்டுக்கொண்டால் சரிதானே?' என்று அடுத்து கேட்பீர்கள். நுரைப் பிளக் பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். 33 என்று போட்டிருக்கும், சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற எண் அது. அந்த எண்ணிலிருந்து 7ஐக் கழித்துப் பாதியாக்கினால்தான் நடைமுறைக் கணக்கு: 13. அதாவது 113 என்பது 100 ஆகும். அதற்கும் 15 நிமிடம்தான். சரியாகப் போடாவிட்டால் அதுவும் கிடையாது. கையைக் கழுவி, பிளக்கை விரல்களால் உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். பலர் செய்வது வாசலில் செருகி வைப்பது, அது வெறும் அலங்காரம். பிளக் மைதானத்துக்கு. ஹாலுக்குள் குழலே வேண்டாம். இப்போது அடிபட்டிருக்கும் காதுக்கு, ரீங்காரம் முழுதும் அடங்கும் வரை ஹெட்போனும் வேண்டாம்.

மகனுக்கு நுரைப் பிளக் சரிவராது, காதுத் துளை சின்னது. மைதானத்துக்கு அழைத்துப்போனால் தலைமேல் மாட்டும் இயர் மஃப், குழந்தைகளுக்கான அளவில், வாங்குங்கள். ஊத ஆசைப்பட்டால் வெளியே, யாருடைய காதுக்கும் நேராக இல்லாமல், ஒன்றிரண்டு ஊதல். பெரியவர்கள் ஊதிய குழலை வாங்கி ஊதுவது மட்டும் கூடவே கூடாது. லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட அளவீட்டில், வுவுசெலா வழியாக வந்த காற்றில் லிட்டருக்குச் சராசரி 6,58,000 நுண்துளிகள் இருந்தன. கத்தும்போது வந்தவை 3,700தான். நீங்கள் இருப்பது காசநோய் அதிகமுள்ள நாடு. இருமல், சளி உள்ளவர் குழலைத் தொடாமலிருக்கட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு குழல், ஊதிய பின் சோப்புத் தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

இப்போது அப்பா. அவருக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கேட்கிறது, ஆனால் சொல் பிரிந்து விழவில்லை. வயதாகும்போது முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகள். ஸ், ஃப், க், ட் போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுபவை அவைதான். வர்ணனையில் வரும் 'பாஸ்', 'பாக்ஸ்' இரண்டும் அவருக்கு ஒரே 'பா...'வாக விழும். வுவுசெலாவின் அடிச் சுரம் 233 ஹெர்ட்ஸ் அளவில். அதன் மடங்குகள் 466, 699, 932 என்று பேச்சொலி இருக்கும் இடத்திலேயே ஏறிக்கொண்டு போகும். தாழ்ந்த சுருதிச் சத்தம் உயர்ந்த சுருதிச் சத்தத்தை மூடும் என்பது காதின் இயல்பு. வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், அப்பாவுக்கு லாபமில்லை.

டிவி செட்டிங்கில் ஒலிப் பகுதிக்குப் போய் முதலில் 'ஸ்போர்ட்ஸ்' அல்லது 'ஸ்டேடியம்' முறையை நிறுத்துங்கள். அது கூட்டத்தின் சத்தத்தைத்தான் பெரிதாக்கும். 'கிளியர் வாய்ஸ்' போன்ற பேச்சு முறை இருந்தால் போடுங்கள். ஈக்வலைசரில் 100, 300 ஹெர்ட்ஸ் பட்டைகளை நாலைந்து படி இறக்கி, 3 கிலோ ஹெர்ட்ஸை இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். 5.1 ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நல்லது. வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும், அதை ஏற்றிப் பக்கத்து ஸ்பீக்கர்களை இறக்கினால் போதும். 2010இல் பலர் கணினியில் 233, 466, 932, 1864 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். ஆயிரம் குழல்கள் ஒரே சுருதியில் ஊதுவதில்லை. அதனால் குறுகலாக வெட்டினால் ஹாரன் தப்பிவிடும், அகலமாக வெட்டினால் வர்ணனையாளர் குரலும் சேர்ந்து போகும். பழைய மேட்ச் பார்க்க அது போதும், நேரலைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

நாற்காலியை மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு இழுத்துப் போடுவது இத்தனை செட்டிங்கையும்விட உதவலாம். நாளை உங்களோடு அவரையும் அழைத்துப்போய்க் குரும்பியை எடுத்துவிட்டு ஆடியோகிராம் எடுங்கள். செவித்துணைக் கருவி தேவைப்பட்டால், டிவி ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் இணைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அதில் அவருக்கு வேண்டிய அளவு அவர் காதுக்கு மட்டும் போகும், ஹாலில் உங்களுக்கு வேண்டிய அளவு வால்யூம் இருக்கும்.