பூட்டு இல்லாத பெட்டி: விளையாட்டு அணிக்கு முதலுதவி, கேள்வி பதில்

பதினோரு வருடமாக எங்கள் கால்பந்து அணியின் முதலுதவிப் பையோடு கோட்டோரம் உட்கார்ந்திருப்பவள் நான். டாக்டர் இல்லை. முதலுதவிப் பயிற்சி முடித்து, அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கிறேன். புதிதாக அணி தொடங்கியவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

அக்கா, எங்களுடையது பதினைந்து பேர் கொண்ட சின்ன அணி. கடையில் விற்கும் தயார் பெட்டி ஒன்று வாங்கினால் போதாதா?

வாங்கலாம், அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை வீட்டையும் அலுவலகத்தையும் மனதில் வைத்துத் தயாரித்தவை. விரல் பிளாஸ்திரி குவிந்து கிடக்கும், கிரேப் பேண்டேஜ் ஒன்றுதான் இருக்கும். நமக்கு வேண்டியது இதற்குத் தலைகீழ். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் நான்கு, மணிக்கட்டுக்கு அதைவிடக் குறுகலாக இரண்டு, கிருமி நீக்கிய காஸ் (காயத்தில் வைக்கும் வலைத்துணி) இருபது துண்டாவது, அடிபட்ட கையைத் தொட்டில் மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக் கட்ட முக்கோணத் துணி இரண்டு, ஒட்டும் டேப், நைட்ரைல் கையுறை, நுனி மழுங்கிய கத்தரி, இடுக்கி, டார்ச், ஓஆர்எஸ் பாக்கெட், ரத்தம் பட்டதைப் போட பிளாஸ்டிக் பை, ஒரு நோட்டு, பேனா. காயம் கழுவ இரண்டு லிட்டர் சுத்தமான தண்ணீர் தனியாக. அதில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இடைவேளையில் யாராவது குடித்துவிடுவார்கள். பஞ்சு வேண்டாம், இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் முதல் பெட்டி பளபளவென்று பூட்டோடு வந்தது. ஒரு நாள் தாடை கிழிந்து ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், சாவி வைத்திருந்தவர் அன்று வரவே இல்லை. ஒருவருடைய டி-ஷர்ட்டைச் சுருட்டித்தான் அழுத்திப் பிடித்தோம். அன்றிலிருந்து ஜிப் வைத்த பைதான். உள்ளிருப்பது வெளியே தெரியும் கவர்களில் 'ரத்தம்', 'சுளுக்கு', 'கொப்புளம்' என்று எழுதிப் பிரித்து வைத்திருக்கிறேன். டேப்பின் நுனியை ஒவ்வொரு முறையும் மடித்து விடுவேன். பதற்றத்தில், அதுவும் கையுறையோடு, அந்த நுனியைத் தேடிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

சிராய்ப்புக்கு ஸ்பிரிட்டா, ஹைட்ரஜன் பெராக்சைடா? நுரை வந்தால்தான் கிருமி சாகும் என்கிறார் எங்கள் கோச்.

இரண்டும் வேண்டாம். அவை கிருமியோடு நல்ல திசுவையும் சேர்த்துத்தான் கெடுக்கின்றன. தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, மண் போகும்வரை கழுவி, காஸ் வைத்து ஒட்டுங்கள். ரத்தம் கொட்டினால் முதல் வேலை கழுவுவதல்ல, அழுத்திப் பிடிப்பது. காஸ் நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அன்றே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோம். சரிதானே?

இல்லை. அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வாந்தி வரும். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் 'நின்றுவிட்டதா' என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

ஐஸ் எடுத்துப்போவது பெரும்பாடு. குளிர் ஸ்ப்ரே போதுமா?

ஸ்ப்ரே தோலை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். வலி தெரியாமல் மறுபடி ஓடி, சின்னச் சுளுக்கைப் பெரிதாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழிந்தால் குளிரும் பாக்கெட்டுகள் அவசரத்துக்கு நல்லவை, ஆனால் ஒரு முறைதான் பயன்படும். முடிந்தால் சின்ன ஐஸ் பெட்டி. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் ஈரத்துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலப்படுத்திய டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் சொன்னார். அதனால் ஐஸ் வலிக்கு. குணமாக்கும் மருந்தாக அதை நினைத்து நாள் முழுக்க வைக்காதீர்கள்.

கட்டும்போது விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், விரல் நுனி வெளியே தெரியட்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, விரல் மரத்துப்போகிறதா, அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

கணுக்கால் வீங்கியிருக்கிறது. சுளுக்கா, எலும்பு முறிவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. டாக்டர்கள் வைத்திருக்கும் 'ஒட்டாவா விதி' நமக்கும் உதவும். நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தினால் துடிக்கிறார் என்றால் எக்ஸ்ரே தேவை. பாதம் கோணலாகத் தெரிந்தால் நடக்கச் சொல்லிச் சோதிக்கவே வேண்டாம். இருக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்து அனுப்புங்கள்.

வலி மாத்திரை, அலர்ஜி மாத்திரை எல்லாம் வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. அவரவர் மருந்து அவரவர் பையில் இருக்கட்டும்.

என் மகனுக்கு ஆஸ்துமா. அவனுக்காகத் தனியாக என்ன செய்யச் சொல்லலாம் மேடம்?

நீல இன்ஹேலர் அவன் பையில் ஒன்று, பெயர் எழுதி அணிப் பையில் இன்னொன்று, கூடவே ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழல்). மூச்சு வாங்கினால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி தர வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி அணிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: என்ன நோய், எது அலர்ஜி, யாருக்குப் போன் செய்வது. பெட்டியிலேயே விலைமதிப்பற்றது அந்த நோட்டுதான் என்பேன்.

இரண்டு பேர் தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து 'ஒன்றும் இல்லை, ஆடுகிறேன்' என்கிறான். விடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். விடாதீர்கள். நினைவு தப்பியிருக்க வேண்டும் என்றே இல்லை. தலை சுற்றல், மந்தமான பேச்சு, ஸ்கோர் என்ன என்று கேட்டால் விழிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சந்தேகம் இருந்தாலும் முடிந்ததுதான். டாக்டர் சொன்ன பிறகே மறுபடி களம். பந்தயம் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும், கோச் எவ்வளவு முறைத்தாலும் சரி. நான் ஒரு இறுதியாட்டத்தில் எங்கள் சிறந்த தடுப்பாட்டக்காரனை உட்கார வைத்தேன், தோற்றோம், இரண்டு வாரம் சிலர் என்னோடு பேசவில்லை.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டையாகத் தெரிவது, கை கால் பலவீனம், கழுத்து வலி, தூக்கக் கலக்கம் என்றால் ஆம்புலன்ஸ். கழுத்து வலித்தால் அசைக்காதீர்கள். அன்று அவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

பல் முழுசாக விழுந்துவிட்டால்?

வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்க்காமல் லேசாக அலசி, நிரந்தரப் பல்லாக இருந்தால் அதே குழியில் செருகலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால் பல்லைச் செருகக் கூடாது.

வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தார். ஓஆர்எஸ் கொடுத்தோம்.

தெளிவாகப் பேசினால் கொடுக்கலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாக அல்ல. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ்.

ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவி, வாங்க எங்களிடம் காசு இல்லை அண்ணி. அது இல்லாமல் மாரடைப்பு மாதிரி ஏதாவது வந்தால்?

பக்கத்தில் எங்கே ஒன்று இருக்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேசட்டும், ஒருவர் கருவிக்கு ஓடட்டும், நீங்கள் நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள்: பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அணியில் நான்கு பேராவது இதைப் பயிற்சியில் கற்றிருக்க வேண்டும். படித்து மட்டும் வராது.

பையை யார் பொறுப்பில் விடுவது?

ஒருவர் பெயர், ஒரு மாற்றுப் பெயர். ஆட்டம் முடிந்த அன்றே செலவானதை எழுதிவிடுங்கள், மறுநாள் மறந்துபோகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பையை விடாதீர்கள், பிளாஸ்திரியின் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்களுடையது போன மாதம் அப்படித்தான் ஆனது, இப்போது பை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.