வலைப்பதிவர்களின் பலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அரசியல் வலைப்பதிவர்கள் அமெரிக்கத் தேர்தலின் போக்கையே மாற்றினார்கள் என்கிறீர்கள். ஆனால் அவர்கள் தூக்கிப்பிடித்த டீன் 2004ல் தோற்றார். 2006ல் கனெக்டிகட் மாநில செனட் தேர்தலில் நெட் லமான்ட் தோற்றார். அதே காலத்தில் கார்ல் ரோவ் என்ற வியூக வகுப்பாளர் புஷ்ஷை இரண்டு முறை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனார். தேர்தல் தொழில் தெரிந்தவர்களின் வேலை, மற்றதெல்லாம் வெறும் சத்தம்தானே?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

டீன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி முதலில் நடந்த அயோவா மாநிலத்தில் நடந்ததை நான் இரண்டு வரியில் கடந்துவிட்டேன், அது தவறு. இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இராக் போரை எதிர்த்து நின்ற டீனுக்கு 2003ன் மூன்றாம் காலாண்டில் மட்டும் சுமார் 1.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் ஏறக்குறைய பாதி இணையம் வழியாக வந்தது, பெரும்பாலும் சிறு தொகைகளாக. அதே ஆண்டு கடைசியில் அவருடைய போட்டியாளர் ஜான் கெர்ரி பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்துத்தான் பிரச்சாரத்தை ஓட்டினார். ஆனாலும் 2004 ஜனவரி 19 அன்று அயோவாவில் கெர்ரி 38 சதவீதம், இன்னொரு போட்டியாளர் ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18. அன்றிரவு மேடையில் டீன் போட்ட கூச்சல்தான் அவரைக் கவிழ்த்தது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். கூச்சல் போட்டதே தோற்ற பிறகுதான்.

அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அன்று மறைவாக வாக்குச்சீட்டு போடவில்லை. கடுங்குளிரில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி, அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே தன் வேட்பாளரின் அணியில் போய் நிற்க வேண்டியிருந்தது. பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் ஆள் சேராத அணி அப்படியே நிற்க முடியாது என்பது அன்றைய விதி. அதில் இருப்பவர்கள் வேறு அணிக்குப் போகலாம். அந்த நிமிடத்தில் தெரிந்த முகம் ஒன்று வந்து ‘இங்கே வா’ என்று கூப்பிட வேண்டும். கெர்ரிக்காக மைக்கேல் வூலி போன்ற அனுபவசாலிகள் அந்த முகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார்கள். டீனுக்காக ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத அயோவாக்காரர்களுக்குக் கையால் கடிதம் எழுதிய ஆதரவாளர்களும் உண்டு. அந்த ஆர்வத்தை என்னால் சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அந்த ஊருக்கு வெளியாட்கள்.

லமான்ட் விஷயத்தில்தான் உங்களோடு முரண்படுகிறேன். அவர் முதலில் ஜெயித்தார். ஜோ லீபர்மன் மூன்று முறை செனட்டர், 2000ல் துணை அதிபர் வேட்பாளர். அவரை 2006 ஆகஸ்ட் 8 அன்று உட்கட்சித் தேர்தலில் அதிகம் பேர் அறியாத லமான்ட் 52க்கு 48 என்று வீழ்த்தினார். பின்னால் நின்று பலம் கொடுத்தவர்கள் மார்கோஸ் மௌலிட்ஸாஸ், ஜேன் ஹாம்ஷர் போன்ற வலைப்பதிவர்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் லீபர்மன் சுயேச்சையாக நின்று, குடியரசுக் கட்சி வாக்குகளையும் அள்ளி ஜெயித்துவிட்டார். என் கணிப்பில், கட்சி விவகாரங்களை நாள்தோறும் வாசித்து விவாதிக்கிறவர்தான் ஆகஸ்டில் மறக்காமல் வாக்களிக்கப் போகிறவர். நவம்பரில் வருகிற கூட்டம் வேறு, அவர்களில் பெரும்பாலோர் ஒரு பதிவைக்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், ரோவைச் சொன்னீர்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த பாப் ஷ்ரமும் பழுத்த வியூக வகுப்பாளர்தான். 2000ல் அல் கோர், 2004ல் கெர்ரி, இரண்டு பிரச்சாரத்திலும் இருந்தார், இரண்டிலும் தோல்வி. இப்படிப்பட்டவர்கள் பலருக்குச் சம்பளமே தொலைக்காட்சி விளம்பரச் செலவில் ஒரு பங்குக் கமிஷன். தோற்றாலும் அந்தப் பணம் வந்துவிடும். வலைப்பதிவர்களின் கோபம் பெருமளவு இதன் மேல்தான். எனக்கும் அது நியாயமான கோபமாகவே படுகிறது. போதாததற்கு, டீனின் பிரச்சார மேலாளர் ஜோ ட்ரிப்பியின் சொந்த நிறுவனமே டீனின் விளம்பரங்களையும் கையாண்டது.

2006 வர்ஜீனியா செனட் தேர்தலைப் பாருங்கள். ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலராக இருந்த ஜிம் வெப், இராக் போரை எதிர்த்தவர். அவரை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிற்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து திரட்டி இழுத்து வந்தவர்கள் வலைப்பதிவர்கள். எதிரே பதவியில் இருந்த செனட்டர் ஜார்ஜ் ஆலன். எதிராளி போகும் கூட்டத்துக்கெல்லாம் கேமராவோடு ஒருவரை அனுப்புவது பிரச்சாரக்காரர்களின் பழைய உத்தி. வெப் தரப்பு அப்படி அனுப்பியவர் இந்திய வம்சாவளி மாணவர். ஆகஸ்ட் 11 அன்று மேடையிலிருந்த ஆலன் அவரைக் கைகாட்டி ‘மக்காக்கா’ (ஒரு குரங்கினத்தின் பெயர்) என்று இழிவாக அழைத்தார். அந்தக் காட்சி யூடியூபில் ஏறியது, வலைப்பதிவர்கள் விடாமல் அதைப் பேச வைத்தார்கள். ஆலனால் கடைசிவரை அதிலிருந்து மீள முடியவில்லை.

இதில் எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நீங்கள் முயன்று பார்த்து எழுதுங்கள். ஏறக்குறைய 23.7 லட்சம் வாக்குகளில் வெப் ஜெயித்தது சுமார் 9,300 வாக்கில். அந்த ஒரு இடத்தால்தான் செனட் 51க்கு 49 என்று ஜனநாயகக் கட்சித் தரப்புக்குக் கைமாறியது.